தும்மலைக் கொண்டுவந்தது யார்

1

படிவத்தின் ஏழாவது கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதியிருந்தது. நீல மை, இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. பெயரைப் பார்ப்பதற்கு முன்பே அது யாருடைய கை என்று தெரிந்துவிட்டது. நிமிர்ந்தேன். கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மேடம் நின்றிருந்தார். காலடியில் மூன்று பூனைக் கூண்டுகள்.

"மேத்யூ, நீயா? நல்லவேளை. இனி எனக்குக் கவலையில்லை" என்றார்.

என் பெயர் மாதையன். அவர் வீட்டில் வேலை பார்த்த இரண்டரை வருடமும் நான் மேத்யூதான்.

இது வளைகுடாவில் ஒரு துறைமுக ஊர். பெயரை எழுதினால் என் மேலாளருக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன். ஆடு மாடுகளையும் வெள்ளைக்காரர்களின் நாய் பூனைகளையும் நாட்டுக்குள் விடுவதற்கு முன்பும், வெளியே அனுப்புவதற்கு முன்பும், சில நாள் வைத்துப் பார்க்கும் கொட்டடி ஒன்று இங்கே உண்டு. அதில் நான் எழுத்தர். இதை எப்படி விளக்குவது என்று தெரியாமல், 'மாட்டு ஆஸ்பத்திரியில் எழுதுகிற வேலை' என்று அப்பாவுக்கு எழுதியிருக்கிறேன். படிவம் வாங்குவது, கேள்விகளுக்குப் பதில் சரியா என்று பார்ப்பது, முத்திரை குத்துவது, காலையிலும் மாலையிலும் தீனி வைப்பது. இதுதான் வேலை.

ஏழாவது கேள்வி பூனைகளுக்கு மட்டும். 'இந்த வீட்டுப் பூனைகளில் எதற்காவது தும்மல், கண்ணில் சீழ், மூச்சடைப்பு எப்போதாவது வந்ததுண்டா?' ஆம் என்றால் தனி அறை. இல்லை என்றால், விமானம் ஏறும்வரை மற்ற வீட்டுப் பூனைகளோடு ஒரே கூடத்தில் இருக்கலாம். இந்த நோய் ஒருமுறை வந்து தேறிய பூனை, பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பயணம், புது இடம் என்று மிரண்டால் உள்ளே பதுங்கியிருக்கும் நோய் மறுபடி மூக்கு வழியாக வெளியே வரும். பக்கத்துக் கூண்டுக்குப் போகும். அதனால்தான் அந்தக் கேள்வி.

மேடம் எழுதிய 'இல்லை' பொய். அது பொய் என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது. அந்த வீட்டில் ஒன்பது பூனைகள் தும்மின. நான்கு செத்தன. நான்கையும் தோட்டத்தில் குழி வெட்டிப் புதைத்தவன் நான். அந்த நான்கையும் கொன்றவனும் நான்தான் என்று ஐந்து வாரம் நம்பிக்கொண்டிருந்தவனும் நான்.

2

எங்கள் ஊர் இண்டூரிலிருந்து நடந்து போகிற தூரம். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். எனக்குப் பின்னால் தங்கை தனம் எட்டாவது வரை படித்தாள். அப்பா இன்னமும் கட்டைவிரல்தான்.

நான் பள்ளியில் இருந்த காலத்தில்தான் எங்கள் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பு பரவியது. கேழ்வரகும் கடலையும் போட்ட நிலத்தில், கிணற்றுத் தண்ணீர் எட்டுகிற மட்டும் மல்பெரிச் செடி வைத்தார்கள். வீட்டோடு ஒட்டி ஒரு கொட்டகை, அதற்குப் பெயர் புழு வூடு. பட்டு ஆபீசிலிருந்து வரும் துண்டுத் தாள்களைத் தெருவுக்கே படித்துச் சொன்னது நான். உள்ளே போகும்முன் கை கால் கழுவு. முதலில் சின்னப் புழுவுக்குத் தழை போடு, பிறகு பெரியது, நோயுள்ள புழுத் தட்டை எல்லாவற்றுக்கும் கடைசியில் தொடு. தொட்ட பிறகு சுண்ணாம்புத் தண்ணீரில் கை நனைக்காமல் வேறு தட்டுப் பக்கம் போகாதே. பால் நோய் வந்த புழு உப்பி, தொட்டால் வெள்ளையாகக் கசியும். அந்தக் கசிவு பட்ட விரலால் பக்கத்துத் தட்டைத் தொட்டால் நான்கு நாளில் அதுவும் போச்சு.

தாளில் இல்லாத ஒரு வழக்கமும் எங்கள் பக்கம் உண்டு. கூடு கட்டி இறக்குகிற வரைக்கும், புழு எப்படியிருக்கிறது என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. நல்லாயிருக்கு என்று சொன்னால் கண் படும். நோய் என்று சொன்னால் அந்தச் சொல்லே பிடித்துக்கொள்ளும். தப்பித்தவறி யாராவது கேட்டுவிட்டால் ஒரே பதில்தான்: "இருக்குது." அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்கிறவர்களும் கேட்க மாட்டார்கள்.

படித்தவன் என்பதால் எனக்கு இந்த வழக்கத்தைக் கண்டாலே எரிச்சல். ஒருவர் வீட்டில் நோய் என்றால் அதைச் சொல்வதுதானே முதல் மருந்து என்று அப்பாவிடம் சண்டை போட்டிருக்கிறேன். "நீ தாள படி. ஊரு வழக்கத்துல மூக்க நுழைக்காத" என்பார்.

3

விலங்கியல் பட்டம் வாங்கி இரண்டு வருடம் சும்மா இருந்தேன். பிறகு பம்பாய் வழியாக ஒரு கால்நடைப் பண்ணைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விண்ணப்பித்து எண்பத்திரண்டில் இங்கே வந்து சேர்ந்தேன். ஒரே வருடத்தில் பண்ணையை மூடிவிட்டார்கள். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று நடுங்கிக்கொண்டிருந்தபோது கைகொடுத்தவர் தாஜுதீன் பாய். பாப்பிரெட்டிப்பட்டிக்காரர், ஒரு ஸ்காட்லாந்துக் குடும்பத்தில் டிரைவர்.

"தம்பி, எங்க மேடத்துக்கு ஒம்போது பூனை. பாத்துக்க ஆள் வேணுமாம். நீதான் விலங்கெல்லாம் படிச்சிருக்கியே" என்றார்.

"பூனையைப் பற்றி ஒரு பாடம்கூட இல்லீங்க பாய். தவளையை அறுக்கத்தான் சொல்லிக்கொடுத்தாங்க."

"அத மட்டும் மேடத்துகிட்ட சொல்லிப்புடாத."

மேடத்தின் கணவர் வங்கியில் பெரிய அதிகாரி, வீட்டில் இருப்பதே அபூர்வம். பிள்ளைகள் சீமையில் படித்தார்கள். வீடு முழுக்கப் பூனைகள்தான். தெருவில் கிடந்ததைத் தூக்கி வந்தது, ஊருக்குப் போகிறவர்கள் விட்டுப்போனது என்று சேர்ந்துகொண்டே வந்தவை. இப்படிப் பூனைகளை எடுத்து வளர்க்கும் வெள்ளைக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு சங்கம் மாதிரி வைத்திருந்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் தேநீர்.

மேடத்தைப் பற்றி நான் குறைத்து எழுதக் கூடாது. சாப்பாட்டு மேசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டவர் அவர். என் இங்கிலீஷ் அப்போது பரீட்சைத் தாள் இங்கிலீஷ். 'பூனைக்கு மூக்குத் தண்ணீர் இருக்கிறது' என்பது மாதிரி எதையாவது சொல்லுவேன். சிரிக்காமல் திருத்துவார். பிறந்தநாள் என்று எங்களுக்கு ஒன்று கிடையாது, பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் போட்ட தேதிதான். அந்தத் தேதிக்கு அவர் கேக் செய்தார். "மேத்யூ, இந்த வீட்டில் நாம் ஒருவருக்கொருவர் எதையும் மறைப்பதில்லை" என்று ஒருநாள் சொன்னார். எங்கள் ஊர் 'இருக்குது'வை நினைத்துக்கொண்டேன். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்று அன்றைக்குத் தனத்துக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதினேன்.

4

தாஜுதீன் பாய் இரண்டு மாத லீவில் ஊருக்குப் போயிருந்த சமயம். மேடமே கார் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் மத்தியானம் ஒரு வெள்ளைப் பூனையோடு வந்து இறங்கினார். நீண்ட முடி, தட்டை முகம். சங்கத்துத் தோழி ஒருவர் திடீரென்று நாட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்ததால் விட்டுப்போனது என்றார்.

கூண்டைத் திறந்ததும் அது இரண்டு முறை தும்மியது.

"சளி மாதிரி இருக்கிறதே மேடம். டாக்டரிடம் காட்டினீர்களா?"

"காட்டினேன். புழுதிக் காற்றுதான் காரணம், நன்றாக இருக்கிறது என்றார்."

கொஞ்ச நாள் தனியாக வைக்கலாமா என்று கேட்டேன். புது ஆட்டைக் கூடப் பட்டியில் நேரே விடமாட்டோம் என்று பண்ணை அனுபவத்தைச் சொன்னேன். அது ஏற்கெனவே எஜமானியை இழந்த பூனை, தனியறையில் போட்டால் ஏங்கிவிடும் என்றார். மறைப்பதில்லை என்று சொன்ன வீடு. நான் நம்பினேன். கூடத்தில் விட்டேன். அன்று மாலை பத்துப் பூனைகளும் வரிசையாகத் தின்றன. அடுத்தவன் கிண்ணத்தில் வாய் வைக்காமல் பூனை தின்னுமா என்ன?

ஐந்தாம் நாள் கருப்பி தும்மினாள். வீட்டில் அவளுக்குப் பெப்பர் என்று பெயர், நான் கூப்பிடுவது கருப்பி. மறுநாள் கிழட்டு ஆண்பூனை. அதற்கடுத்து மூன்று குட்டிகளின் தாய்.

எனக்குக் கை தானாக வேலை செய்தது. தும்முகிறவை கீழே, தும்மாதவை மாடியில். கிண்ணம் தனி, துணி தனி. காலையில் குளித்துவிட்டு முதலில் மாடிக்குப் போவேன். பிறகுதான் கீழ் அறை. கீழ் அறையில் தொட்ட சட்டையோடு மாடிப்படி ஏறுவதில்லை. நோயுள்ளதற்குக் கடைசியில். புழு வூட்டில் படித்ததை ஒரு எழுத்து மாற்றாமல் செய்தேன்.

ஒன்றில் மட்டும் தப்பு செய்தேன். ஊரில் நோய் என்றால் தரையைப் பினாயில் போட்டுக் கழுவுவோம் இல்லையா, அதேபோல் முதல் நாளே கீழ் அறையைக் கழுவி மணக்க வைத்திருந்தேன். வழக்கமாக வரும் கால்நடை டாக்டர் சூடான் நாட்டுக்காரர், வயதானவர். வாசலிலேயே மூக்கை உறிஞ்சிவிட்டு நின்றார். பூனைகளை வெளியே எடுக்கச் சொன்னார். "பினாயில் பூனைக்கு விஷம். பாதத்தில் ஒட்டும், பாதத்தை நக்கும். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீர் நிறைய விட்டுக் கலக்கித் துடை, காய்ந்த பிறகு உள்ளே விடு" என்றார். மூன்று தடவை வெறும் தண்ணீரில் கழுவினேன். என் கையாலேயே விஷம் வைத்திருக்கிறேன்.

இந்த நோய்க்கென்று மருந்து கிடையாது, கண்ணுக்குக் களிம்பும் சீழுக்கு மாத்திரையும்தான் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். மற்றதெல்லாம் பார்த்துக்கொள்வதில் இருக்கிறது. மூக்கடைத்த பூனைக்கு வாசனை தெரியாது. வாசனை தெரியாவிட்டால் தீனி எதிரில் இருந்தாலும் பட்டினி கிடந்தே சாகும். அதனால் மத்தி மீனை வேகவைத்து, சூடு ஆறும்முன் மசித்து, விரலில் எடுத்து வாயில் தடவினேன். குளியலறைக் கதவை மூடி, வெந்நீரைத் திறந்துவிட்டு, அந்த ஆவியில் பூனைகளோடு உட்கார்ந்திருந்தேன். கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கண் துடைத்தேன். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. கருப்பியின் நாக்கில் புண். மூன்று நாள் எதுவும் தொடவில்லை. நான்காம் நாள் என் விரலில் இருந்த மீனை ஒருமுறை நக்கினாள். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது?

ஆனால் மாடியில் இருந்தவையும் தும்ம ஆரம்பித்தன. ஐந்து நாள் கூடத்தில் ஒன்றாக இருந்தவை, பிரித்து என்ன பிரயோஜனம்? குட்டிகள் மூன்றும் ஒரே வாரத்தில் போயின. அதற்கடுத்த வாரம் கிழட்டு ஆண்.

5

நான்காவது குழியை மூடிய அன்று டாக்டர் வந்திருந்தார். "எப்படி வீட்டுக்குள் வந்தது இது?" என்று பொதுவாகக் கேட்டார். நான் மேடத்தைப் பார்த்தேன். வெள்ளைப் பூனையைப் பற்றிச் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"மேத்யூ மீன் சந்தைக்குப் பின்னால் தெருப் பூனைகளுக்குத் தீனி போடுவான். அதே கையோடு வந்துவிடுவான்" என்றார்.

உண்மைதான். மீன் தலைகளைத் தெருப் பூனைகளுக்குப் போடுவேன். கை கழுவித்தான் வருவேன், ஆனால் சட்டையை மாற்றினேனா? ஒருநாள் மாற்றாமல் இருந்திருக்கலாம். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வெள்ளைப் பூனைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டரே சொன்னதாக மேடம் சொல்லியிருந்தார் அல்லவா, அது இவராகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இவரில்லை என்று.

அடுத்த வாரத் தேநீர் எங்கள் வீட்டில். நான் தட்டு ஏந்திக்கொண்டு போனபோது பேச்சு நின்றது. மேடம் எல்லோர் முன்னிலும் சொன்னார்: "பாவம், தெரியாமல் செய்தது. நான் அவனை மன்னித்துவிட்டேன்." ஒரு பெண்மணி எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

நான் நன்றி சொன்னேன். இதை எழுதும்போது காது சுடுகிறது. கையில் பிஸ்கட் தட்டோடு, 'நன்றி மேடம்' என்று சொன்னேன்.

என்னால் நான்கு உயிர் போய்விட்டது என்று வீட்டுக்கு எழுதினேன். அப்பா சொல்லத் தனம் எழுதிய பதில் வந்தது: 'பூன செத்ததுக்கெல்லாம் லெட்டர் போடற. அங்க ஒனக்கு வேல கொறச்சலா இருக்குதா.'

6

லீவு முடிந்து தாஜுதீன் பாய் திரும்பினார். மனசு சரியில்லாமல் வந்திருந்தார். கேசட்டில் குரல் பதிவு செய்து அனுப்பியே வளர்த்த மகள், நேரில் பார்த்ததும் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாளாம். "டேப்புல பேசுற அத்தாதான் அவளுக்கு அத்தா. நான் யாரோ" என்றார். என் கதையைக் கேட்டுவிட்டு, என்னைச் சிரிக்க வைக்கத்தானோ என்னவோ, "உனக்குச் சளி புடிச்சப்ப எவனாச்சும் மத்தி மீனு அவிச்சு ஊட்டுனானா தம்பி?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று காரில் இரண்டு மாத மணலைப் பெருக்கியவர், இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு தாளோடு வந்தார். "இங்கிலீசுல இருக்குது, பூனைப் படம் போட்டிருக்குது. உனக்குத்தான் ஆவும்."

ஊரின் மறுகோடியில் இருக்கும் வேறொரு டாக்டரின் சீட்டு அது. வெள்ளைப் பூனையின் பெயர். மேடத்தின் பெயர். அது எங்கள் வீட்டுக்கு வந்த தேதிக்கு முந்தின நாள் தேதி. 'பத்து நாளாகத் தும்மல், கண்ணில் சீழ். தொற்றக்கூடியது. மூன்று வாரம் தனியே வைக்கவும். மற்றப் பூனைகளோடு எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது.' கடைசி வரிக்கு அடியில் டாக்டர் இரண்டு கோடு போட்டிருந்தார்.

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் மாதிரி மூன்று முறை படித்தேன். பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா தம்பி போட்டிருக்குது?"

தமிழில் சொன்னேன். அவர் சீட்டைத் திரும்ப வாங்கி, நாலாக மடித்து, என் சட்டைப் பையில் வைத்தார். "கிழிச்சுப்புடாத. எதுக்கும் இருக்கட்டும்."

மறுநாள் தேநீர் நேரத்தில் மேடத்தின் முன்னால் அதை விரித்து வைத்தேன். அவர் படிக்கவில்லை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"என் தோழி அடுத்த நாள் விமானம் ஏற வேண்டியிருந்தது. அந்தப் பூனைக்கு வேறு யாருமில்லை. சொன்னால் நீ வேண்டாம் என்றிருப்பாய்."

"வேண்டாம் என்றிருக்க மாட்டேன் மேடம். தனி அறையில் வைத்துப் பார்த்திருப்பேன்."

"விருந்தாளிகள் வரவிருந்தார்கள். அந்த அறை தேவைப்பட்டது."

ஓர் அறை. ஏன் என் பெயரைச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. இங்கிலீஷ் திருத்துகிற அதே பொறுமையோடுதான் சொன்னார்:

"என் தோழிகளை நான் வாராவாரம் பார்க்க வேண்டும், மேத்யூ. நீ பார்க்க வேண்டியதில்லை."

வேறு வேலைக்குப் போக, வேலைக்கு வைத்திருப்பவரின் விடுவிப்புக் கடிதம் வேண்டும், இந்த ஊர்ச் சட்டம் அது. மேடத்தின் கணவர் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். ஆனாலும் கருப்பியின் கண் முழுதாகத் திறக்கும்வரை, இன்னும் பதினெட்டு நாள், நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். சாப்பாட்டு மேசையில் உட்காரவில்லை.

கொட்டடி வேலைக்குச் சிபாரிசு செய்தவர் சூடான் டாக்டர். "நோயுள்ளதற்குக் கடைசியில் என்று உனக்கு யார் கற்றுக்கொடுத்தது?" என்று கேட்டார். பட்டுப்புழு என்றேன். வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சீட்டை அவரிடம்கூட நான் காட்டவில்லை. காட்டப் போய், பழிவாங்குகிறான் என்று நினைத்தால்? வேலையில் சேர்ந்த முதல் மாதம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி, "நீதானே அந்தப் பூனைக் காய்ச்சல் மேத்யூ?" என்று கேட்டார். பெயர் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

7

இன்றைக்கு வருகிறேன்.

மேடம் நிரந்தரமாக நாடு திரும்புகிறார். மற்றவற்றை யார் யாருக்கோ கொடுத்துவிட்டு மூன்றை மட்டும் கொண்டுபோகிறார். நடுக் கூண்டில் கருப்பி. குனிந்து பார்த்தேன். என்னைத் தெரிந்த மாதிரி இல்லை. மிரண்டு மூலையில் ஒண்டியிருந்தாள். வலது மூக்கில் நீர்.

"ஏழாவது கேள்வியைத் திருத்த வேண்டும் மேடம்."

"அது பழைய கதை. இப்போது எல்லாம் நன்றாக இருக்கின்றன."

"எப்போதாவது என்றுதான் கேட்டிருக்கிறார்கள். கூடத்தில் வேறு பூனைகள் இருக்கின்றன. ஒன்று குட்டி போட்டிருக்கிறது."

தனி அறை என்றால் எத்தனை நாள் என்று கேட்டார். பதினான்கு என்றேன். அவருக்கு வெள்ளிக்கிழமை விமானம். பூனைகள் பிறகு தனியாகத்தான் போகும். அவர் ஜன்னல் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"இதை நீ எனக்குச் செய்வாயா? நான் உன்னை மன்னித்தவள்."

பேனாவை நீட்டினேன். 'இல்லை'யை அடித்துவிட்டு 'ஆம்' என்று எழுதினார். ஆம் என்றால் அதற்குக் கீழே இன்னொரு வரி நிரப்ப வேண்டும். நோய் வீட்டுக்குள் எவ்வாறு வந்தது? அதற்கும் எழுதினார். எழுதி, படிவத்தை என் பக்கம் திருப்பித் தள்ளினார்.

'முன்னாள் வேலைக்காரர் ஒருவரின் கவனக்குறைவால்.'

என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் எழுதினார். முத்திரை குத்த வேண்டியது நான். அவர் எழுதியது எழுதியதுதான், அதைத் திருத்த எனக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் இணைப்புச் சேர்க்க அதிகாரம் உண்டு. பாஸ்போர்ட் உறைக்குள் இரண்டு வருடமாக வைத்திருந்த சீட்டை எடுத்தேன். மடிப்புகளில் நைந்திருந்தது. படிவத்தோடு சேர்த்து ஊசி குத்தி, இரண்டின் மீதும் படுகிற மாதிரி முத்திரையை அழுத்தினேன்.

அவர் அதைப் பார்த்தார். "இது துரோகம், மேத்யூ" என்றார். கூண்டுகளைப் பார்க்காமல் போய்விட்டார்.

8

சாயங்காலம் கூடத்துப் பூனைகளுக்கெல்லாம் தீனி வைத்து முடித்துவிட்டு, கடைசியில் தனி அறைக்குப் போனேன். மத்தி மீனைச் சூடாக மசித்து விரலில் நீட்டினேன். கருப்பி முகர்ந்து பார்த்தாள். மூக்கு இன்னும் அடைக்கவில்லை போலிருக்கிறது. தின்றாள்.

ஜெயித்துவிட்டவன் மாதிரி இருக்கும் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. அந்த அறையின் முக்காலியில் உட்கார்ந்துதான் இதை நம் பக்கத்துப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதுகிறேன். துரோகம் என்று அவர் சொன்ன வார்த்தை என்னைக் குத்தவில்லை. அவர் வாயிலிருந்து வருவதற்கு அது பொருத்தமில்லாத வார்த்தை. ஆனால் என்னிடம் அதைச் சொல்லத் தகுதியுள்ள ஓர் ஆள் எங்கள் ஊரில் இருக்கிறார். அவர் இதுவரை சொன்னதில்லை. அவருக்குத் தெரியாது.

கல்லூரி இரண்டாம் வருடம் நான் லீவுக்கு வந்திருந்தபோது எங்கள் புழு வீட்டில் பால் நோய். ஒருநாள் காலை இரண்டு தட்டுப் புழுக்களைப் பொறுக்கிச் சுண்ணாம்பில் போட்டேன். கை கழுவினேன். சட்டையை மாற்றவில்லை. அப்பா வழக்கப்படி, வெளியே மூச்சு விடாதே என்றார். எதிர்வீட்டுப் பச்சையக்காவின் கணவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர், வரவில்லை. அக்காவும் மகள் செல்வியும்தான் புழு வளர்த்தார்கள். நான்காம் முறை தோல் உரித்து எழுந்த புழு, இன்னும் ஒரு வாரத்தில் கூடு கட்டும். தட்டு தூக்கி மாற்ற ஆள் இல்லை என்று அன்றைக்கே அக்கா என்னைக் கூப்பிட்டார். வாசலில் சுண்ணாம்புத் தண்ணீர் வைத்துவிட்டு, ஊரில் யாரும் கேட்காததைக் கேட்டார்.

"மாதையா, நீ படிச்ச புள்ள. கண்ணு படும் அது இதுன்னு பாக்க மாட்ட. உங்க வூட்டுப் புழு எப்படி இருக்குது? உள்ள வரலாமா நீ?"

ஊர் வழக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, எதை மறைக்கக் கூடாது என்று நான் அப்பாவிடம் சண்டை போட்டேனோ அதையே அவர் என்னிடம் கேட்டார். நம்பித்தான் கேட்டார். எங்கள் வீட்டில் நோய் என்று நான் சொல்வதா என்று எனக்கு வெட்கம். அவ்வளவுதான் காரணம். வேறு எதுவும் இல்லை.

"இருக்குதுக்கா" என்றேன்.

பன்னிரண்டு தட்டையும் தூக்கி மாற்றிக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் முதல் தட்டு உப்பியது. பிறகு எல்லாம். அந்த வருடம் செல்வியின் படிப்பு ஏழாவதோடு நின்றது, அவள் மற்றவர்கள் தோட்டத்தில் தழை பறிக்கப் போனாள். யார் கண்ணோ பட்டுவிட்டது என்று பச்சையக்கா அழுதார். நான் அப்போது பக்கத்தில் நின்று, தைரியம் சொன்னேன். பம்பாய் ரயிலுக்கு நான் கிளம்பின அன்று, "நல்லா இருப்ப, போ" என்று என் தலையில் கை வைத்தார்.

இந்தப் பத்திரிகை வந்ததும், தனம், நீ இதை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போக வேண்டும். பூனைக் கதையை வேண்டுமானால் சுருக்கிக்கொள். இந்த எட்டாவது பகுதியைச் சுருக்காதே. பச்சையக்காவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படி. செல்வி வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போ. முடிந்தால் பத்திரிகையை அவள் கையிலேயே கொடுத்துவிடு. ஏழாவதோடு நின்றாலும் அவளுக்குப் படிக்கத் தெரியும்.